அத்தானுக்குச் சொல்லிக் கொடுத்த ஐந்து சொற்கள்

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன். தாராவியில் வயதானவர்களுக்கு ஒரு முகாம் போடுகிறார்களாம். மூளை நன்றாக இருக்க அன்றாடம் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு பக்க நோட்டீஸ் வேண்டும், பிரிவில் இப்போது தமிழ் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை, நீங்கள்தான் எழுதித் தர வேண்டும் என்று ஹிந்தியில் கேட்டாள்.

அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன். தினமும் வேர்க்கிற அளவுக்கு நடங்கள். பிரஷரையும் சர்க்கரையையும் விடாமல் பார்த்து வாருங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். புகையிலையை விடுங்கள். காது மந்தமானால் வெட்கப்படாமல் மெஷின் போடுங்கள். காய், பருப்பு, பழம் தட்டில் இருக்கட்டும். தூக்கத்தைக் குறைக்காதீர்கள். ஒரு நாளில் நாலு பேரிடமாவது வாய்விட்டுப் பேசுங்கள். தெரியாத ஒரு காரியத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் செய்தால் நோயே வராது என்று எந்த டாக்டரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார், வரும் வாய்ப்பு குறையும் என்றும் கீழே எழுதினேன். பதினைந்து வருடம் நோயாளிகளிடம் வாயால் சொன்னதுதான். எழுதக் கஷ்டமில்லை.

கடைசியாக ஒரு வரி சேர்க்க நினைத்தேன். வீட்டில் ஒருவர் மறக்கத் தொடங்கினால் அதை மற்றவர்கள் மூடி மறைக்காதீர்கள் என்ற வரி. அதை எழுதும்போது கை நின்றுவிட்டது. அந்த வரியைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நினைப்பு வந்தது. அதனால் நோட்டீஸை அப்படியே அனுப்பிவிட்டு, இதைத் தனியாக எழுதுகிறேன்.

என் பெயர் சுடலைமுத்து. அறுபத்தேழு வயதாகிறது. அப்பா நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் கூடத்தில் வேலை பார்த்தவர். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, இருபத்தொரு வயதில் மருத்துவமனையில் வார்டு பாயாகச் சேர்ந்தேன். ஸ்ட்ரெச்சர் தள்ளி, பெட்பேன் கழுவி, ஒரு வருடப் பயிற்சிக்கு மனுப் போட்டு, இ.இ.ஜி. டெக்னீஷியன் ஆனேன். மூளையில் ஓடும் மின்சாரத்தைக் கோடுகளாக வரையும் மெஷின் அது. மூக்குத் தொடங்கும் பள்ளத்திலிருந்து பிடரி எலும்பு வரை டேப்பால் அளக்க வேண்டும். பிறகு காதிலிருந்து காது வரை. அளந்த இடங்களில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்து, தோலைத் தேய்த்து, பசையைத் தடவி, ஒவ்வொரு வயராக ஒட்ட வேண்டும். முதல் நாளே எண்ணெய் இல்லாமல் தலை குளித்து வரச் சொல்வோம். நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று நன்றாக எண்ணெய் வைத்து வாரிக்கொண்டுதான் வருவார்கள். வயர் வழுக்கும். எத்தனையோ பேர் தலையை நானே சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேன்.

நினைவுச் சோதனை என் வேலையில்லை. பர்வே மேடம் வந்த பிறகுதான் அது என் தலையில் விழுந்தது.

பர்வே மேடம் எங்கள் பிரிவின் தலைமை டாக்டர். மெலிந்த உடம்பு, பருத்திப் புடவை. கைக்கடிகாரத்தை முகப்பு உள்பக்கம் இருக்கும்படி கட்டுவார், நேரம் பார்ப்பது நோயாளிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வியாழக்கிழமைகளில் மறதி என்று வருகிறவர்களைப் பார்ப்பார். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் படித்த தமிழர்கள் வருவார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் சோதனை செய்துவிடலாம். தாராவியிலிருந்து வருகிறவர்களுக்கு ஹிந்தி தெரியும் என்றாலும் கடைக்கு, ரயிலுக்குத்தான் தெரியும். அவர்களிடம் ஹிந்தியில் கேட்டுக் குறைந்த மார்க் போட்டு, மறதி நோய் என்று எழுதுவது பெரிய பாவம் என்பார் மேடம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இனி தமிழில் நீ கேட்க வேண்டும் என்றார்.

சோதனையில் ஐந்து சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பது ஒரு பகுதி. அந்த ஐந்து சொற்களை முடிவு செய்ய எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. முதலில் 'கிணறு' என்று வைத்தேன். தாராவியில் பிறந்தவர்களில் கிணறு பார்க்காதவர்கள் இருப்பார்களே என்று மேடம் கேட்டார். அதை எடுத்துவிட்டுக் 'குழாய்' என்று போட்டோம். குழாய், மஞ்சள், சாவி, ஆடு, சட்டை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், எல்லார் வீட்டிலும் புழங்குகிற சொற்கள்.

கேட்கும் முறையை மேடம் என் எதிரே நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து எனக்குப் பழக்கினார். நோயாளிக்கு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர். கண்ணாடி கொண்டு வந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பிறகு அவருக்குப் பின்னால் போய் நின்று, மெதுவான குரலில் பெயரைக் கேட்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டுக் காதைச் சோதிக்க அனுப்ப வேண்டும். கேட்காத சொல்லை யார் நினைவு வைக்க முடியும் என்பார். சொற்களை நொடிக்கு ஒன்றாக, பாட்டு மாதிரி இழுக்காமல் சொல்ல வேண்டும். சரியான பதிலுக்குத் தலையாட்டக் கூடாது. தப்பான பதிலுக்குப் புருவம் அசையக் கூடாது. நோயாளி திணறும்போது என் கண் சுவரில் மாட்டியிருக்கும் சட்டையைப் பார்த்துவிடக் கூடாது. உறவினர் வெளியே இருக்க வேண்டும். உறவினரை மேடம் தன் அறையில் தனியாக வைத்து விசாரிப்பார். நோயாளி அறியாததை அவர்கள்தான் சொல்வார்கள்.

"அவர் என்ன சொன்னாரோ அதை எழுது, முத்து. என்ன சொல்ல வந்தார் என்று உனக்குத் தோன்றுவதை எழுதாதே" என்று முதல் நாள் சொன்னார். அதை நான் பல வருடம் மீறவில்லை. பிறகு ஒருமுறை மீறினேன்.

பேச்சியம்மாள் என் ஒரே அக்கா. அக்காவின் கணவர் செல்லையா அத்தான், டிரைவர். பல வருடம் வாஷி பாலத்துக்கு அப்பால் கோபர்கைரனேயில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டினார். அந்தக் கம்பெனி மூடிய பிறகு சொந்தமாக ஒரு வேன் வாங்கி, தாராவிப் பிள்ளைகளை மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்குக் கொண்டுவிட்டுக் கூட்டி வந்தார். பிள்ளைகள் அவரை டிரைவர் தாத்தா என்பார்கள். வேனுக்குள் ஒரு டப்பாவில் எப்போதும் ஆரஞ்சு மிட்டாய் வைத்திருப்பார்.

நான் சொல்வது பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. அத்தானுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. ஒரு பிள்ளையை இரண்டு முறை வேறு சந்தில் இறக்கிவிட்டுவிட்டார். அந்தப் பிள்ளையின் அம்மா பள்ளியில் சொல்லிவிட்டாள். டாக்டரிடம் காட்டி, வண்டி ஓட்டலாம் என்று எழுதி வாங்கி வாருங்கள், இல்லையென்றால் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் என்று பள்ளியில் சொன்னார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் அக்காவும் அத்தானும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்போது நாங்களும் தாராவியில், கோலி என்று சொல்லும் ஒற்றை அறை வீட்டில்தான் இருந்தோம். மறுநாள் வியாழக்கிழமை, மேடம் நோயாளிகளைப் பார்க்கும் ஓபிடி. அத்தான் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் டீ டம்ளரை வைத்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடினார். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

அத்தான் வெளியே போனதும் அக்கா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏல முத்து, அந்த வேன் போச்சுன்னா ஒங்க அத்தான் படுத்துருவாவ. நீதான கேக்கப் போற. என்ன கேப்பியோ அத இப்பமே சொல்லிக் குடுத்துரு."

அப்படிச் செய்யக் கூடாது அக்கா என்றேன். அவள் அழவில்லை. கூடப் பிறந்தவனிடம் அவள் எதையும் இதுவரை கேட்டதில்லை என்று மட்டும் சொன்னாள். உண்மைதான். அம்மா இறந்த பிறகு எனக்குச் சோறு பொங்கிப் போட்டு என்னைப் பயிற்சிக்கு அனுப்பியவள் அவள்.

அத்தான் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "மாப்ள, முப்பது வருசமா ஸ்டீயரிங் புடிச்ச கை இது. மண்டைக்கு மறந்தாலும் கைக்கு வழி தெரியும்" என்றார்.

நான் ஐந்து சொற்களைச் சொன்னேன். விரலுக்கு ஒன்றாக மடக்கி அத்தான் திருப்பிச் சொன்னார். முதல் முறை இரண்டு. பிறகு மூன்று. ஒன்றரை மணி நேரம் ஆனது ஐந்தும் வருவதற்கு. அந்த ஒன்றரை மணி நேரமே எனக்குப் போதுமான சோதனையாக இருந்திருக்க வேண்டும். ஆண்டு, மாதம், கிழமை எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

மறுநாள் மேடம் வழக்கம்போல, நோயாளி உனக்குத் தெரிந்தவரா என்று கேட்டார். எங்கள் தெருக்காரர் என்றேன். தலையசைத்துவிட்டு அக்காவைத் தன் அறைக்குக் கூட்டிப் போனார்.

நான் கதவைச் சாத்தினேன். தண்ணீர் கொடுத்தேன். பின்னால் போய் நின்று பெயர் கேட்டேன். அத்தான் திரும்பவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். குரலை உயர்த்தி மறுபடி கேட்டேன். பிறகு எதிரே உட்கார்ந்து, இப்போது ஐந்து சொற்கள் சொல்லப் போகிறேன் என்று ஆரம்பித்து, 'குழாய்' என்றேன். நான் அடுத்ததைச் சொல்லுமுன் அவர், "மஞ்ச, சாவி, ஆடு, சட்ட" என்று முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கதவுக்கு வெளியே யாருக்காவது கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன்.

அடுத்து ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னேன். இது எனக்கு முந்தின நாள் மறந்துபோயிருந்தது, சொல்லிக் கொடுக்கவில்லை. அத்தான் வட்டம் போட்டார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வட்டத்தின் வலது பக்கமே அடுக்கினார். இடது பாதி வெறுமையாகக் கிடந்தது. முள்ளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பென்சிலை வைத்துவிட்டார்.

அப்படிப்பட்ட கடிகாரங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி வரைந்தவர்கள் ஒரு வருடத்தில் எப்படி ஆனார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் கை என்ன செய்தது தெரியுமா? அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, வேறு தாளை எடுத்து, எண்களின் இடத்தில் லேசாகப் புள்ளி வைத்துக் கொடுத்தது. தலையை அளந்து புள்ளி வைக்கும் அதே சிவப்புப் பென்சில்.

முப்பதுக்கு இருபத்தெட்டு. மேடம் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், சாதாரணமாகப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம். வீட்டுக்காரம்மாவும் குறை ஒன்றும் இல்லை என்கிறார் என்று சொல்லி, இப்போதைக்கு ஓட்டலாம், மூன்று மாதத்தில் மறுபரிசோதனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வாரம் கழித்து, ஜூலை மழையில், ஒரு மதியம் இரண்டே காலுக்கு அக்கா போன் செய்தாள். ஒன்றேகாலுக்குத் தாராவிக்கு வர வேண்டிய வேன் வரவில்லை. அத்தானின் மொபைல் வீட்டில் அலமாரி மேல் இருந்தது. வேனில் ஏழு பிள்ளைகள்.

நான் பள்ளிக்கு ஓடினேன். பன்னிரண்டரைக்கே ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்றார் வாட்ச்மேன். அங்கிருந்து தாராவிக்கு வண்டி போகக்கூடிய எல்லா வழியிலும் நடந்தும் ரிக்‌ஷாவிலும் தேடினேன். முழங்கால் வரை தண்ணீர். ஒவ்வொரு திருப்பத்திலும் கூட்டம் நின்றால் அதை விலக்கிப் பார்க்கப் பயமாக இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் ஏழு அம்மாக்களும் நின்றார்கள். டிரைவருக்கு உடம்புக்கு ஏதும் உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒரு அம்மா, இல்லை, டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார், பெரிய ஆஸ்பத்திரி பேப்பர், நானே பார்த்தேன் என்றாள். நான் அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அறுபத்தேழு வருடத்தில் என்னை நான் அவ்வளவு வெறுத்த நிமிடம் வேறு இல்லை.

நான்கே முக்காலுக்கு ஒரு அம்மாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர். பேசியது அவள் மகள், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண். வேனில் இருந்தவர்களில் மூத்தவள். கோபர்கைரனே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடைக்காரரிடம் போன் வாங்கிப் பேசுகிறாள்.

அத்தான் வேனை செம்பூர் வழியாக ஓட்டி, வாஷி பாலத்தைத் தாண்டி, இருபது கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய்விட்டார். பாலத்தில் மழை கொட்டியதாம். தாத்தா, வீடு இந்தப் பக்கம் இல்லை என்று பிள்ளைகள் கத்தியிருக்கிறார்கள். அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. ஒரு பஸ் மிக அருகில் வந்து பிரேக் அடித்து நின்றதாம். வேனின் ஒரு பக்கம் நீளமாகக் கீறியிருந்தது, எங்கே உரசியது என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் போலீஸ் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் கடைக்குள் பிஸ்கட்டைக் கையில் வைத்தபடி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவன் பேண்ட்டை நனைத்திருந்தான். அத்தான் வேன் சீட்டிலேயே இருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார்.

"வா மாப்ள. ஷிஃப்ட் இன்னும் விடல. ஆளுவ வந்ததும் கெளம்பிருவோம்" என்றார்.

இருபது வருடத்துக்கு முந்தைய கம்பெனி பஸ்ஸுக்காக அவர் காத்திருந்தார். கைக்கு வழி தெரியும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. கை பழைய வழியில் போயிருந்தது.

ஏழு பிள்ளைகளும் உயிரோடு வீடு சேர்ந்தார்கள். அதற்கு நான் எதுவும் செய்யவில்லை.

அக்கா அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வருடமாகவே அத்தானுக்குத் தன் வீட்டுச் சந்தே பிடிபடவில்லையாம். முப்பது வருடம் வாழ்ந்த சந்து. தினமும் அவர் வண்டி நிறுத்திவிட்டு வரும் நேரத்துக்கு இவள் கொத்தமல்லி வாங்குகிறவள் மாதிரி சந்து முனையில் போய் நின்று, தற்செயலாகப் பார்த்ததுபோல் பேசி, அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது. பர்வே மேடம் அறையில் கேட்டபோது, குறை ஒன்றும் இல்லை என்றிருக்கிறாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேடத்தின் அறைக்குப் போய், மடித்து வைத்திருந்த முதல் கடிகாரத் தாளை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். செல்லையா என் அக்கா கணவர் என்பதையும் சொன்னேன். முடித்ததும் மேடம், பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். எழுந்து அலமாரியிலிருந்து கோப்பை எடுத்தார். இருபத்தெட்டு என்ற எண்ணின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். சோதனை செய்தவரே விடைகளைச் சொல்லிக் கொடுத்ததால் இது செல்லாது என்று எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அதற்கும் கீழே, நானும் கவனிக்கத் தவறினேன் என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். இரண்டையும் மேலிடத்துக்கு அனுப்பினார். எனக்கு மெமோ வந்தது, ஒரு இன்கிரிமென்ட் நின்றது. வேலை போகவில்லை.

ஆறு மாதம் என்னை நினைவுச் சோதனைப் பக்கமே அவர் விடவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை தாளை நீட்டினார். "இனி கேட்கும்போது பயம் வரும். வரட்டும். அதோடு கேள்" என்றார். ஓய்வு பெறும் நாள் வரை அந்தப் பயத்தோடுதான் கேட்டேன்.

அத்தானை மேடமே வேறு சொற்களை வைத்து மறுபடி சோதித்தார், வேறொரு தமிழ் நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒரு சொல் கூட வரவில்லை. ஸ்கேனில் மூளைக்குள் சின்னச் சின்ன அடைப்புகள் தெரிந்தன. பிரஷர் மாத்திரையைத் தலைசுற்றுகிறது என்று இரண்டு வருடம் முன்பே விட்டிருந்தார். சர்க்கரை ஒருநாள் ஏறி ஒருநாள் இறங்கிக் கிடந்தது. பி12 சத்து மிகக் குறைவு. காது பாதிதான். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் மேடம். ஊசி போட்டு, மாத்திரையை ஒழுங்காக்கி, காது மெஷின் வைத்து, சாயங்காலம் அக்கா கையைப் பிடித்து நடக்க வைத்தாள். இப்போது ஒளிக்காமல், எல்லார் பார்க்கவும். நாலு வருடம் அத்தான் நன்றாகவே இருந்தார். சீட்டு விளையாடினார், என் மகள் கல்யாணத்தில் பந்தியில் பரிமாறினார். சந்து தெரிந்தது. வண்டியை மட்டும் தொடவில்லை. அதற்குப் பிறகு மெல்ல இறங்கி, இரண்டு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். அந்த ஜூலை மதியம் அவருக்குக் கடைசி வரை நினைவில் இல்லை.

அந்த ஓபிடியில் முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த மருந்துகள் ஐந்து வாரம் முன்பே அவருக்குக் கிடைத்திருக்கும். ஐந்து வாரத்தில் மூளைக்குள் என்ன அடைபட்டது என்று யாரால் சொல்ல முடியும்?

ஓய்வுக்குப் பிறகு நானும் வள்ளியும் செம்பூரில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு வந்துவிட்டோம். வள்ளி என் மனைவி. நோட்டீஸில் எழுதியதை எல்லாம் நான் செய்கிறேன். பக்தியால் இல்லை, பயத்தால். காலையில் ஐந்தே முக்காலுக்கு நடை. சர்க்கரை, பிரஷர் நோட்டு. புதிதாக ஒன்றைக் கற்க வேண்டுமே என்று அறுபத்தைந்து வயதில் சமையல் கற்றேன். எதை முதலில் போடுவது, எது கொதிக்கும்போது எதை அரைப்பது என்று வரிசை பிடிப்பது மூளைக்கு நல்ல வேலை.

ஆனால் ஒரு கஷ்டம். என்னை நானே சோதிக்க முடியாது. குழாயும் மஞ்சளும் என் எலும்பில் இருக்கின்றன, எல்லாம் மறந்த பிறகும் அவை வரும். அதனால் வள்ளியைத் தினம் ஐந்து புதுச் சொற்கள் சொல்லச் சொன்னேன். டம்ளர், ஜன்னல், காலண்டர் என்று சொல்வாள். ஐந்து நிமிடம் கழித்து ஐந்தையும் சொல்வேன். மனதுக்கு நிம்மதியாக இருக்கும். அவள் சொன்ன சொற்கள் எல்லாமே நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள் என்பதை, பதினைந்து வருடம் இதே வேலை பார்த்த நான், கவனிக்கவில்லை.

இந்த வருடம் மழைக்கு முன், ஒரு காலையில் பால் வைத்துவிட்டு ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ நாற்றம். அடுக்களைக்குப் போனால், வள்ளி எனக்கு முதுகைக் காட்டி நின்று, ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டு, சேலைத் தலைப்பால் காற்றை வெளியே விசிறிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லாமல். கேஸ் திருகைத் திறந்த நான் பற்ற வைக்காமல் போயிருக்கிறேன்.

யார் வைத்தது என்று கேட்டேன். நான்தான் என்றாள்.

நான் வைத்தது எனக்குத் தெரியும். பால் பாத்திரத்தைத் தூக்கிய கனம்கூடக் கையில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். சந்து முனையில் நின்ற அக்காவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது.

"எனக்குத் தெரியாம எத்தன தடவ?"

தலைப்பை இறக்கினாள். "மூணு" என்றாள்.

மறுநாளே பழைய பிரிவுக்குப் போனோம். பர்வே மேடம் ஓய்வு பெற்றுப் புனேக்குப் போய்விட்டார். இப்போது ஒரு இளம் டாக்டர். சோதனை டேப்லெட் திரையில் நடக்கிறது. பழைய சொற்கள் அத்தனையும் எனக்குத் தெரியும், அவற்றை வைக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன். ஹிந்தியில் நான் கேட்டிராத ஐந்து சொற்களை வைத்தார்கள். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தபோது, அதன் கைப்பிடியை ஏன் எல்லாரும் இறுகப் பிடித்தார்கள் என்று தெரிந்தது. ஐந்து நிமிடம் கழித்து மூன்று வந்தன. துப்புக் கொடுத்ததும் நாலாவது வந்தது. எதிரே உட்கார்ந்து சொற்களைக் கேட்ட பெண்ணின் புருவம் அசையவில்லை. நல்ல பயிற்சி. அந்த அசையாத முகம் என்னை எவ்வளவு பயமுறுத்தியது என்று சொல்ல முடியாது.

பிறகு வள்ளியைத் தனியாகக் கூப்பிட்டார்கள். இருபது நிமிடம். நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன்.

டாக்டர் தெளிவாகப் பேசினார். இன்றைக்கு எந்தப் பெயரும் வைக்க மாட்டேன் என்றார். இடது காது மந்தம், அதற்கு மெஷின். ரத்தச் சோதனை, ஸ்கேன். இரவில் நான் போடும் தூக்க மாத்திரையை மெல்லக் குறைக்க வேண்டும். நடையும் சமையலும் தொடரட்டும், அடுப்பில் நிற்கும்போது ஒருவர் கூட இருக்கட்டும். ஆறு மாதத்தில் மறுபடி வர வேண்டும்.

கீழே இறங்கி டீக்கடையில் உட்கார்ந்தோம். டாக்டர் உன்னிடம் என்ன கேட்டார் என்றேன்.

"கேஸ் எத்தன தடவன்னு கேட்டாவ. ஏழுன்னு சொன்னேன்."

"எங்கிட்ட மூணுன்னு சொன்னியே."

வள்ளி டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒங்களுக்குத் தெரியாம எத்தனன்னுதான கேட்டிய. அது மூணு. மத்த நாலும் நீங்களே வந்து பாத்து, நீங்களே அடைச்சது. நல்லவேளன்னு சொல்லிட்டுப் போனிய."

எனக்கு அந்த நாலில் ஒன்றுகூட நினைவில்லை.

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், அங்கே மறைக்கப் பயமாக இருந்தது என்றாள். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். எந்த நாள், என்ன வைத்திருந்தேன், என்ன சொன்னேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். அவள் சொல்லச் சொல்ல டாக்டர் சீட்டின் பின்பக்கம் எழுதினேன். அவள் சொன்னதை மட்டும். பிறகு இருவரும் எழுந்து, அந்தச் சீட்டை டாக்டரிடம் கொடுக்க மறுபடியும் மாடி ஏறினோம்.